வானொலிக் காப்பகம்: காற்றில் போன பேச்சு எப்படி மிஞ்சுகிறது?

"அந்தப் பேட்டி ரேடியோவில் வந்ததுதானே? ஆர்க்கைவில் இருக்கும், தேடிப் பார்." இப்படிச் சொல்பவர்கள் 'ஆர்க்கைவ்' என்ற ஒரே சொல்லுக்குள் மூன்று வெவ்வேறு பண்டங்களைப் போட்டுக் கலக்கிவிடுகிறார்கள். நிலையத்தின் இணையதளத்தில் கடந்த சில மாத நிகழ்ச்சிகள் வரிசையாகக் கிடப்பது ஒன்று. ரசிகர் ஒருவர் தன் வீட்டுக் கேசட்டிலிருந்து யூடியூபில் ஏற்றியது இன்னொன்று. மூலப்பதிவைப் பாதுகாத்து, அதில் யார் என்ன பேசினார்கள் என்று எழுதிவைத்து, ஐம்பது வருடம் கழித்தும் கேட்கும்படி பராமரிப்பது மூன்றாவது. காப்பகம் என்ற பெயர் இந்த மூன்றாவதுக்குத்தான் பொருந்தும்.

இங்கே எடுத்துக்கொள்ளும் உதாரணம் அமெரிக்கப் பொது வானொலி. அரசியல், பண்பாடு, சமூகம் பற்றி அங்கே நடந்த பேச்சு நிகழ்ச்சிகள் ஏராளம். அவை தொலைந்த விதமும் மீண்ட விதமும் நன்றாகப் பதிவாகியிருக்கின்றன. மற்ற நாட்டு வானொலிகளுக்கும் இதே வேதியியல்தான், இதே காகிதச் சிக்கல்தான்.

பொது வானொலி யாருடையது?

ஆகாசவாணி கேட்டு வளர்ந்தவர்களுக்கு முதல் குழப்பம் இங்கேயே வரும். நமக்கு வானொலி என்றால் ஒரே நிறுவனம், பல நிலையங்கள். அமெரிக்காவில் அப்படி இல்லை. பல்கலைக்கழகம், நகராட்சி, அறக்கட்டளை, உள்ளூர்க் குழு என்று ஒவ்வொருவரும் தனித்தனியாக உரிமம் வாங்கி நடத்தும் நூற்றுக்கணக்கான நிலையங்களின் கூட்டுப்பெயர்தான் பொது வானொலி. விளம்பர லாபத்துக்காக நடத்தப்படாதது, மத்திய அரசாங்கமும் நேரடியாக நடத்தாதது என்று வைத்துக்கொள்ளலாம். நேயர் நன்கொடை, அறக்கட்டளைப் பணம், அரசு மானியம் மூன்றையும் சேர்த்துத்தான் பல காலம் ஓட்டம் நடந்தது.

சில நிலையங்கள் மிகப் பழையவை. நியூயார்க் நகராட்சி தொடங்கிய டபிள்யூஎன்ஒய்சி 1924-லேயே ஒலிபரப்பத் தொடங்கியது. கலிபோர்னியாவின் பெர்க்லி நகரில் லூயிஸ் ஹில் என்ற போர் எதிர்ப்பாளரும் நண்பர்களும் 1949-ல் கேபிஎஃப்ஏ நிலையத்தைத் தொடங்கினார்கள். பசிபிகா என்ற அமைப்பின் முதல் நிலையம் அது, நேயர் சந்தாவை நம்பியே நடந்தது. மத்திய அரசின் பணம் ஒழுங்காக வர ஆரம்பித்தது 1967-ன் பொது ஒலிபரப்புச் சட்டத்துக்குப் பிறகு. அந்தச் சட்டம் தொலைக்காட்சியை மனதில் வைத்து எழுதப்பட்டது. வானொலிக்காரர்கள் ஓடியாடிக் கெஞ்சி, கடைசி நேரத்தில் 'வானொலியும்' என்ற சொல்லை உள்ளே நுழைத்தார்கள். மானியத்தைப் பிரித்துக் கொடுக்கப் பொது ஒலிபரப்புக் கழகம் என்ற அமைப்பு உருவானது. 1970-ல் நேஷனல் பப்ளிக் ரேடியோ, சுருக்கமாக என்பிஆர், நிறுவப்பட்டது. அடுத்த ஆண்டு ஏப்ரலில் வியட்நாம் போர் பற்றிய செனட் விசாரணையை ஒலிபரப்பியதுதான் அதன் முதல் வேலை. மே 3 அன்று 'ஆல் திங்ஸ் கன்சிடர்ட்' செய்தி நிகழ்ச்சி தொடங்கியது.

என்பிஆர் நிகழ்ச்சிகளைத் தயாரித்து நிலையங்களுக்குக் கொடுக்கும் அமைப்பு. நாட்டிலுள்ள நிலையங்கள் அதற்குச் சொந்தமானவை அல்ல. அதனால் ஒரு பேட்டி என்பிஆரிடம் இல்லை என்றால் அது தொலைந்துபோனது என்று பொருளில்லை. ஏதோ ஒரு பல்கலைக்கழகக் கட்டடத்தின் நிலவறையில், பெயர் அழிந்த அட்டைப்பெட்டியில் கிடக்கலாம்.

சுருக்கமாக: ஒரே வானொலி இல்லை, அதனால் ஒரே அலமாரியும் இல்லை.

ஒலிபரப்பானது வேறு, பதிவானது வேறு

திருவிழாவில் ஒலிபெருக்கி வழியாக ஒருவர் இரண்டு மணி நேரம் பேசுகிறார். ஊரே கேட்கிறது. மறுநாள் அந்தப் பேச்சு எங்கே? யாராவது பதிவு செய்திருந்தால் உண்டு, இல்லையென்றால் கேட்டவர் காதோடு போயிற்று. வானொலியும் இதுதான். ஒலிபரப்புக் கருவிக்குள் நினைவாற்றல் எதுவும் கிடையாது. மைக்கிலிருந்து கோபுரத்துக்குப் போகும் ஒலியைத் தனியாகப் பிரித்து, வேறொரு கருவியில், காசு செலவழித்துப் பதிய வேண்டும்.

1930-களிலும் 40-களிலும் அந்தக் கருவி இசைத்தட்டு வெட்டும் இயந்திரம். அலுமினியத் தகட்டின் மேல் நைட்ரோசெல்லுலோஸ் அரக்குப் பூசிய 16 அங்குலத் தட்டு. நிமிடத்துக்கு 33⅓ சுற்று. ஒரு பக்கத்தில் சுமார் 15 நிமிடம். அரை மணி நேர நிகழ்ச்சிக்கு இரண்டு பக்கங்கள் வேண்டும். இரண்டாம் உலகப்போரில் அலுமினியம் தட்டுப்பாடானபோது கண்ணாடித் தகட்டில் அரக்குப் பூசினார்கள். கீழே விழுந்தால் நிகழ்ச்சி முடிந்தது. இந்தச் செலவையும் தொல்லையையும் தாங்கிப் பதிவு செய்ய ஒரு காரணம் தேவைப்பட்டது: மேயரின் உரை, பெரிய விழா, வழக்கு வரக்கூடிய விவாதம். 1945 ஜூலையில் பத்திரிகை விநியோகத் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்தபோது நியூயார்க் மேயர் லா கார்டியா டபிள்யூஎன்ஒய்சி-யில் சித்திரக்கதைகளைக் குரல் மாற்றி மாற்றிப் படித்துக் காட்டினார். அதை இன்றும் கேட்க முடிகிறதென்றால், பேசியவர் மேயர், நிலையம் நகராட்சியுடையது என்ற இரண்டு காரணங்களை மறக்கக் கூடாது. அதே நிலையத்தில் பேசிய எத்தனையோ சாதாரண ஆட்களுக்கு அந்தக் கொடுப்பினை இல்லை.

1948 வாக்கில் ஆம்பெக்ஸ் நிறுவனத்தின் காந்த நாடா இயந்திரங்கள் வந்ததும் நிலைமை தலைகீழானது. பதிவு மலிவாயிற்று, வெட்டி ஒட்ட முடிந்தது. ஆனால் நாடா ஒரு சிலேட்டு. அழித்துவிட்டு மறுபடி எழுதலாம். பணத்துக்குத் திண்டாடும் நிலையத்தில் அழிக்கும்போது முதலில் பலியானது பேச்சுதான். இசைக்கச்சேரி நாளைக்கும் கச்சேரி. போன மாதத்து நகரசபைத் தேர்தல் விவாதத்தை இனி யார் கேட்பார்கள் என்று நினைத்தார்கள். உண்மை நேர்மாறானது. அந்த இசை வேறு தட்டுகளில் கிடைக்கும். அந்த விவாதம் உலகத்திலேயே அந்த ஒரு நாடாவில்தான் இருந்தது.

தப்பிப் பிழைத்தவற்றில் ஒரு பெரும்பகுதி தப்பியதற்குக் காரணம் பாதுகாப்பு உணர்வு அல்ல, தபால். கல்வி ஒலிபரப்பாளர்களின் தேசியச் சங்கம் என்ற அமைப்பு 1950-களில் நாடாக்களைப் பிரதி எடுத்து, இல்லினாய் பல்கலைக்கழகம் இருக்கும் அர்பானாவிலிருந்து நிலையம் நிலையமாக அஞ்சலில் சுற்றவிட்டது. இதற்கு 'சைக்கிள் வலையமைப்பு' என்று பெயர். (சைக்கிள் எதுவும் ஓடவில்லை. ஒருவர் ஒலிபரப்பிவிட்டு அடுத்தவருக்குத் தள்ளிவிடும் முறைக்கு வந்த பட்டப்பெயர்.) பிரதிகள் பல இருந்ததால் சில மிஞ்சின. இந்தச் சங்கத்தின் காகிதங்களும் நாடாக்களும் பிற்பாடு விஸ்கான்சின், மேரிலாந்து என்று இரண்டு மாநிலங்களில் பிரிந்து கிடந்து, அண்மையில்தான் இணையத்தில் ஒன்றுசேர்ந்தன.

இன்னொரு வேடிக்கையும் உண்டு. பொதுமுக்கியத்துவம் வாய்ந்த விவாதங்களை மானியம் வாங்கும் நிலையங்கள் பதிவு செய்து 60 நாள் வைத்திருக்க வேண்டும், கேட்பவருக்குப் பிரதி தர வேண்டும் என்று 1973-ல் சட்டத்திருத்தம் வந்தது. வரலாற்றின் மேல் அக்கறையால் வந்ததல்ல அது. என்ன பேசுகிறார்கள் என்று கண்காணிக்க வந்தது. நிலையங்கள் வழக்குப் போட்டன. 1978-ல் வாஷிங்டன் மேல்முறையீட்டு நீதிமன்றம் அதைச் செல்லாது என்றது. பேச்சுரிமைக்கு நல்ல தீர்ப்பு, சந்தேகமில்லை. ஆனால் சட்டம் நின்றிருந்தாலும் 61-ம் நாள் நாடாவை அழித்திருக்கலாம் என்பதைக் கவனியுங்கள். சட்டத்துக்காக வைத்திருப்பதும் காப்பகத்துக்காக வைத்திருப்பதும் ஒன்றல்ல.

சுருக்கமாக: ஒலிபரப்பானதெல்லாம் பதிவாகவில்லை, பதிவானதெல்லாம் அழிக்கப்படாமல் விடப்படவில்லை.

நாடா ஏன் கெட்டுப்போகிறது?

காந்த நாடாவை ஒரு அடுக்குப் பலகாரமாக நினைத்துக்கொள்ளுங்கள். கீழே நெகிழிப் பட்டை. இதற்கு அடித்தளம் என்று பெயர். மேலே இரும்பு ஆக்ஸைடு துகள்கள். ஒலி இவற்றின் காந்தத் திசையாக எழுதப்பட்டிருக்கிறது. துகளைப் பட்டையோடு ஒட்டவைக்கும் பசைக்கு இணைப்பான் என்று பெயர். காந்தம் லேசில் அழியாது. கெட்டுப்போவது பட்டையும் பசையும்தான்.

பழைய நாடாக்களின் அடித்தளம் செல்லுலோஸ் அசிடேட். ஈரமும் வெப்பமும் சேர்ந்தால் அது சிதைந்து அசிடிக் அமிலத்தை விடும், அதாவது வினிகர். டப்பாவைத் திறந்தாலே மூக்கில் ஏறும். விடப்பட்ட அமிலமே மேலும் சிதைவைத் தூண்டும். பாலில் விட்ட ஒரு கரண்டி உறைமோர் முழுப் பாலையும் தயிராக்குவது மாதிரி, ஆரம்பித்துவிட்டால் தானாக வேகம் பிடிக்கும். பக்கத்து டப்பாக்களையும் பாதிக்கும். அதனால் வினிகர் வாடை வந்த நாடாவை முதல் காரியமாகத் தனியே பிரிப்பார்கள். டப்பாவுக்குள் ஒரு சோதனைத் தாளை வைத்தால் அமில அளவைப் பொறுத்து அது நீலத்திலிருந்து பச்சைக்கும் பிறகு மஞ்சளுக்கும் மாறும். எதை முதலில் பிரதி எடுப்பது என்று அதை வைத்துத் தீர்மானிப்பார்கள்.

பின்னால் வந்த நாடாக்களுக்குப் பாலியெஸ்டர் அடித்தளம். வினிகர் தொல்லை இல்லை, அறுந்துபோவதும் குறைவு. ஆனால் 1970-களின் நடுவிலிருந்து 80-கள் வரை தயாரான பல ரகங்களில் பசை காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சிப் பிசுபிசுத்துப்போனது. ஓடவிட்டால் கிறீச்சிடும், பழுப்புப் பிசின் இயந்திரத்தில் அப்பிக்கொள்ளும். அப்பிக்கொள்வது அழுக்கு அல்ல, பதிவே உரிந்து வருகிறது.

இதற்கு வைத்தியம் நம் அடுப்படியில் தெரிந்ததுதான். நமத்துப்போன அப்பளத்தை என்ன செய்வோம்? காயவைப்போம். பிசுபிசுத்த நாடாவையும் சுமார் 54 டிகிரி செல்சியஸில் எட்டு மணி நேரம், அகல நாடா என்றால் இன்னும் கூடுதலாக, சூடு ஏறி இறங்காத ஆய்வக அடுப்பில் வைப்பார்கள். ஈரம் வெளியேறி, பசை சில வாரங்களுக்கு இறுகும். அதற்குள் பிரதி எடுத்துவிட வேண்டும். அப்பளம் திரும்ப நமக்கும். வீட்டு அடுப்பில் இதைச் செய்யக் கூடாது, அதன் வெப்பம் ஒரே அளவாக நிற்காது. அசிடேட் நாடாவைச் சூடேற்றவே கூடாது, சுருண்டு நொறுங்கிவிடும்.

எந்த நாடா எந்த ரகம் என்று எப்படிக் கண்டுபிடிப்பது? சுருளை விளக்குக்கு எதிரே பக்கவாட்டில் பிடித்தால் அசிடேட் வழியாக வெளிச்சம் ஊடுருவும், பாலியெஸ்டர் இருட்டாக இருக்கும். இழுத்தால் அசிடேட் பட்டென்று அறும், பாலியெஸ்டர் நீளும். இந்த இரண்டாவது சோதனையை யாரும் வேண்டுமென்று செய்வதில்லை, விபத்தில் தெரிந்துகொள்வதுதான். ஒரு விதத்தில் அறுவதே மேல். அறுந்ததை ஒட்டலாம், நீண்டதை ஒன்றும் செய்ய முடியாது.

இதில் ஒரு முரண். 1958-ல் பதிவான நாடா இன்றைக்குச் சிரமமின்றி ஓடலாம். 1982-ல் பதிவானது முதல் நிமிடத்திலேயே நின்றுவிடலாம். பழையதுதான் முதலில் கெடும் என்று நினைத்து வரிசைப்படுத்திய காப்பகங்கள் ஏமாந்தன.

சுருக்கமாக: ஒலி அழிவதில்லை, ஒலியைத் தாங்கும் பட்டையும் பசையும் அழிகின்றன. எந்த ரகம் என்று தெரியாமல் வைத்தியம் பார்த்தால் நோயாளி போய்விடுவார்.

நாடாவிலிருந்து கோப்புக்கு

பலர் நினைப்பது போல இது ஸ்கேன் எடுக்கும் வேலை அல்ல. ஒரு மணி நேர நாடாவை ஒரு மணி நேரம் ஓடவிட்டே ஆக வேண்டும். சோதிப்பது, சுத்தம் செய்வது, சரிபார்ப்பது, விவரம் எழுதுவது எல்லாம் சேர்ந்தால் ஒரு மணி நேர ஒலிக்கு மூன்று மணி நேர உழைப்பு என்பது துறையில் வழங்கும் கணக்கு. 10,000 மணி நேர நாடா இருக்கிற நிலையத்துக்கு 30,000 மணி நேர வேலை. வருடம் 2,000 மணி நேரம் உழைக்கும் ஒரு ஆள் என்றால் பதினைந்து வருடம்.

முதலில் நாடாவை மெதுவான வேகத்தில் ஒருமுறை சுற்றி எடுப்பார்கள். பழைய ஒட்டுகள் காய்ந்து பிரிந்திருந்தால் அங்கேயே புதிதாக ஒட்டுவார்கள். வெட்டி ஒட்டித் தயாரித்த ஆவண நிகழ்ச்சி என்றால் ஒட்டுகள் ஏராளமாக இருக்கும். அடுத்தது வேகம். ஏழு அங்குலச் சுருளில் 1,200 அடி நாடா இருக்கும். வினாடிக்கு 7½ அங்குல வேகத்தில் அது 32 நிமிடம் ஓடும். அதே சுருளைச் சிக்கனத்துக்காக 3¾ அங்குல வேகத்தில் பதிந்திருந்தால் ஒரு மணிக்கும் மேல் ஓடும். டப்பாவில் வேகம் எழுதாமல் விட்டிருந்தால் காதுதான் அளவுகோல். அடுத்து, தடம். நாடாவின் முழு அகலத்திலும் ஒரே பதிவா, அல்லது பாதி அகலத்தில் ஒரு பக்கமும் மீதியில் மறுபக்கமுமா? இதைக் கவனிக்காமல் முழு அகலத்தையும் படிக்கும் தலையால் ஓட்டினால் ஒருவர் முன்னோக்கிப் பேச, இன்னொருவர் பின்னோக்கிப் பேசிக்கொண்டிருப்பார்.

பிறகு தலைக்கோணம். ஒலியைப் படிக்கும் தலை, பதிந்த தலையோடு மிக நுணுக்கமாக ஒரே கோணத்தில் நிற்க வேண்டும். ஒவ்வொரு நாடாவுக்கும் இதைத் திருத்த வேண்டும், ஏனென்றால் பதிந்த இயந்திரத்தின் கோணல் அந்த நாடாவுக்குள்ளேயே இருக்கிறது. திருத்தாவிட்டால் 'ச', 'ஸ' போன்ற கூர்மையான ஒலிகள் மங்கி, பேச்சு போர்வைக்குள்ளிருந்து வருவது போல் கேட்கும். இணையத்தில் கிடக்கும் பல பழைய பேட்டிகள் மந்தமாக ஒலிப்பதற்கு இதுதான் காரணம்; நாடாவைப் பழிசொல்கிறோம், பிழை பிரதி எடுத்தவருடையது.

இரைச்சலை நீக்கி அழகுபடுத்தலாமா? பாதுகாப்புப் பிரதியில் கூடாது. இருப்பதை இருக்கிறபடியே எடுக்க வேண்டும். மெருகேற்றுவது நேயருக்குக் கொடுக்கும் பிரதியில்தான். இன்றைய இரைச்சல் நீக்கி நாளைக்குக் கேலிப்பொருளாகும். அதோடு, பின்னணியில் கேட்கும் ஊர்வலச் சத்தத்தை மென்பொருள் இரைச்சல் என்று நினைத்து அழித்துவிட்டால் ஆய்வாளருக்கு வேண்டியதே போய்விடும்.

பாதுகாப்புக் கோப்பை வினாடிக்கு 96,000 தடவை அளந்து, ஒவ்வொரு அளவையும் 24 பிட்டில் எழுதி, சுருக்கப்படாத வேவ் வடிவத்தில் வைப்பது வழக்கம். ஒற்றைத் தடப் பேச்சு என்றால் மணிக்கு ஏறக்குறைய 1 ஜிபி. கேட்பதற்கான 128 கிலோபிட் எம்பி3 மணிக்கு 58 எம்பிதான். எம்பி3 என்பது மனிதக் காதுக்குத் தெரியாது என்று கருதும் பகுதிகளைத் தூக்கி எறிந்த பிரதி. சாறு பிழிந்து குடிக்கலாம், விதைக்கு வைக்க முழுப் பழம் வேண்டும்.

வேலை நடக்க இயந்திரமும் வேண்டும். ஸ்பூல் நாடா ஓட்டும் நல்ல இயந்திரங்களின் தயாரிப்பு ஏறக்குறைய நின்றுவிட்டது. உதிரிபாகங்களுக்கு ஒரு இயந்திரத்தைப் பிரித்து இன்னொன்றுக்குப் போடுகிறார்கள். பழுது பார்க்கத் தெரிந்தவர்கள் ஓய்வு பெற்றுவிட்டார்கள். ஆஸ்திரேலியத் தேசியத் திரைப்பட ஒலிக் காப்பகம் 2015-லேயே, 2025-க்குள் டிஜிட்டலாகாத நாடாக்களில் பெரும்பாலானவற்றை இழப்போம் என்று எச்சரித்தது. அவர்கள் பயந்தது நாடாவின் ஆயுளுக்காக மட்டுமல்ல, இயந்திரத்தின் ஆயுளுக்காகவும்.

கோப்பானால் சாகாவரமா?

இல்லை. நாடா மெல்லச் சாகும். முணுமுணுப்பாகவாவது ஏதோ கேட்கும். கோப்பு சத்தமில்லாமல் சாகும், ஒரு நாள் திறக்காது.

மளிகைக் கணக்கு நோட்டில் ஒவ்வொரு பக்கத்தின் அடியிலும் கூட்டுத்தொகை எழுதுவோம். பிறகு யாராவது ஒரு எண்ணை மாற்றினால் கூட்டல் உதைக்கும். கோப்புக்கும் இப்படி ஒரு கூட்டுத்தொகை உண்டு. அதிலுள்ள எல்லா எண்களையும் ஒரு கணக்கில் போட்டு வரும் குறுகிய எழுத்து வரிசை அது. சரிகூட்டு என்று இங்கே அழைப்போம். ஒரே ஒரு பிட் மாறினாலும் சரிகூட்டு முற்றிலும் வேறாக வரும். காப்பகம் குறிப்பிட்ட காலத்துக்கு ஒருமுறை இதைச் சோதித்து, கெட்ட பிரதியைத் தூக்கிவிட்டு நல்ல பிரதியிலிருந்து புதிது எடுக்கும். அதற்காகத்தான் மூன்று பிரதி, இரண்டு வேறு வகைச் சேமிப்பு, ஒன்றாவது வேறு ஊரில் என்ற வழக்கம். இதெல்லாம் மாதாமாதம் பணம் கேட்கும் வேலை. டிஜிட்டலாக்கம் கல்யாணச் செலவு என்றால் இது குடும்பச் செலவு. மானியம் கொடுப்பவர்கள் கல்யாணத்துக்குக் கொடுக்க விரும்புவார்கள்.

உண்மையில் ஆபத்தான காலம் 1950-கள் அல்ல, 1990-களும் 2000-களும்தான். டாட் என்ற சிறிய டிஜிட்டல் நாடாவில் ஒரு பிழை விழுந்தால் இரைச்சல் வராது, மொத்தமாக மௌனம் வரும். வீட்டில் பதிந்த சிடிக்கள் மங்கின. இணையத்தில் ரியல் ஆடியோ வடிவத்தில் ஏற்றிய நிகழ்ச்சிகளைத் திறக்கும் மென்பொருள் வழக்கொழிந்தது. இணையப் பக்கங்களைப் படமெடுத்து வைக்கும் சேவைகள் பக்கத்தின் எழுத்தைப் பிடித்தன. பொத்தானை அழுத்தினால் வரும் ஒலியைப் பல நேரம் பிடிக்கவில்லை. பாட்காஸ்ட் வரிசையும் காப்பகம் அல்ல. அது கடைவாசலில் தொங்கும் இன்றைய பத்திரிகை மாதிரி. பழையதைக் கடைக்காரர் எப்போது வேண்டுமானாலும் கழற்றிவிடலாம்.

சுருக்கமாக: டிஜிட்டலாக்கம் காப்பாற்றுவதன் தொடக்கம். அதற்குப் பிறகுதான் செலவு தொடங்குகிறது.

பெயர்ச்சீட்டு இல்லாத டப்பா

இந்தக் கட்டுரையில் ஒரே ஒரு பகுதியை மட்டும் நினைவில் வைக்க முடியும் என்றால் இதை வையுங்கள். காப்பகத்தில் ஒலியைவிட அதிகம் தொலைவது காகிதம்.

அடுப்படிப் பரணில் ஒரே மாதிரி இருபது டப்பாக்கள், எதிலும் சீட்டு இல்லை. மிளகாய்த்தூள் எது, மஞ்சள்தூள் எது என்று ஒவ்வொன்றாகத் திறந்து பார்க்கலாம். நாடாவை அப்படித் திறந்து பார்க்க ஒவ்வொன்றுக்கும் அரை மணி நேரம். 'பேட்டி, பகுதி 2, செவ்வாய்' என்று மட்டும் எழுதிய டப்பாவில் யாருடைய குரல்? எந்த வருடச் செவ்வாய்? நிகழ்ச்சி நடத்தியவர் உயிரோடு இருந்தால் குரலை அடையாளம் சொல்வார். இல்லையென்றால் அது அநாதைக் குரல்.

பதிவைப் பற்றிய விவரங்களுக்கு மெட்டாடேட்டா என்று பெயர்: தலைப்பு, பேசியவர்கள், பதிவான தேதி, ஒலிபரப்பான தேதி, நிலையம், நீளம், பொருள், உரிமை. இதை ஆளாளுக்கு ஒரு விதமாக எழுதினால் சேர்த்துத் தேட முடியாது என்பதால் அமெரிக்கப் பொது ஒலிபரப்பாளர்கள் 2005-ல் பிபிகோர் என்ற பொதுவான படிவத்தை வெளியிட்டார்கள். பதிவுத் தேதியும் ஒலிபரப்புத் தேதியும் தனித்தனி என்பதைப் பார்த்தீர்களா? ஒரு தலைவர் கொல்லப்படுவதற்கு முந்தைய வாரம் பதிவாகி அடுத்த வாரம் ஒலிபரப்பான பேட்டியில் இரண்டையும் குழப்பினால், அவர் ஏன் நடந்ததைப் பற்றி ஒன்றும் பேசவில்லை என்று ஆய்வாளர் தலையைப் பிய்த்துக்கொள்வார்.

பேச்சு நிகழ்ச்சிக்கு இன்னொரு சிக்கல்: தலைப்பு உள்ளடக்கத்தைச் சொல்லாது. ஒரு மணி நேர உரையாடல் சமையலில் தொடங்கிக் குடியேற்றச் சட்டத்தில் போய் நிற்கும். அதனால் பேச்சை எழுத்தாக்கினால்தான் தேட முடியும். இப்போது மென்பொருள் அதைச் செய்கிறது. பொதுச் சொற்களில் தேறிவிடுகிறது. ஆட்பெயர், ஊர்ப்பெயர், உச்சரிப்பு மாறும் பேச்சு, இருவர் ஒரே நேரத்தில் பேசும் சண்டை ஆகியவற்றில் சறுக்குகிறது. தேடுபவருக்கு வேண்டியதோ பெயர்கள்தான். அதனால் பொதுமக்களே உட்கார்ந்து எழுத்துருவைத் திருத்தும் ஏற்பாட்டைச் சில காப்பகங்கள் வைத்திருக்கின்றன.

2010 வாக்கில் நிலையங்களிடம் என்னென்ன இருக்கிறது என்று பொது ஒலிபரப்புக் கழகம் கணக்கெடுக்கச் செய்தது. வானொலியும் தொலைக்காட்சியும் சேர்ந்து சுமார் 25 லட்சம் உருப்படிகள் பட்டியலில் வந்தன. 2013-ல் அமெரிக்க நாடாளுமன்ற நூலகமும் பாஸ்டனின் ஜிபிஎச் நிலையமும் சேர்ந்து அமெரிக்கப் பொது ஒலிபரப்புக் காப்பகத்தின் பொறுப்பை ஏற்றன. முதல் கட்டத்தில் டிஜிட்டலானது ஏறக்குறைய 40,000 மணி நேரம். பட்டியலில் இருந்தும் கோப்பாகாதவைதான் பெரும்பான்மை. 2025 ஜூலையில் அமெரிக்க நாடாளுமன்றம் பொது ஒலிபரப்புக்கு ஒதுக்கியிருந்த சுமார் 110 கோடி டாலரைத் திரும்பப் பெற்றது. அடுத்த மாதமே அந்தக் கழகம் கடையைக் கட்டப்போவதாக அறிவித்தது. சிறிய நிலையம் ஒன்று மூடப்படும்போது கோபுரத்தை விற்றுவிடுவார்கள். நிலவறைப் பெட்டிகளுக்கு யார் பொறுப்பு என்பது எந்தப் பத்திரத்திலும் எழுதியிருக்காது.

கேட்கலாம், ஆனால் எடுத்தாள முடியாது

தமிழ்நாட்டில் எழுத்தாளர்களின் நூல்களை அரசு நாட்டுடைமையாக்கினால் யார் வேண்டுமானாலும் அச்சிடலாம். 'பொது' வானொலி என்றதும் அதே மாதிரி எல்லாருக்கும் சொந்தம் என்று பலர் நினைக்கிறார்கள். அரசுப் பணம் கொஞ்சம் கலந்திருப்பதால் மட்டும் பதிப்புரிமை போய்விடாது.

ஒரு பேச்சு நிகழ்ச்சி கூட்டுப் பட்டா நிலம் மாதிரி. பதிவின் உரிமை நிலையத்துக்கோ தயாரிப்பாளருக்கோ இருக்கலாம். விருந்தினர் நடுவில் வாசித்த கவிதை இன்னொருவருடையது. இடைவேளையில் வந்த பாட்டில் பாடலாசிரியர், இசைத்தட்டு நிறுவனம் என்று மேலும் பங்காளிகள். நேரலையில் பேசிய நேயரிடம் கையெழுத்து யாரும் வாங்கவில்லை. ஒலிபரப்புவதற்கு அன்றைக்கு வாங்கிய அனுமதி இணையத்தில் என்றென்றைக்கும் வைப்பதற்குச் செல்லாது. அந்த ஒப்பந்தம் எழுதியபோது இணையமே இல்லை. அமெரிக்கச் சட்டத்தில் 1972 பிப்ரவரி 15-க்கு முந்தைய ஒலிப்பதிவுகளுக்குத் தனிக் கணக்கு வேறு. விற்பனைக்கு வெளியிடப்படாமல் காப்பறையிலேயே கிடந்தவற்றுக்கு 2018-ன் சட்டப்படி 2067 பிப்ரவரி 15 வரை பாதுகாப்பு உண்டு.

இதனால்தான் காப்பகங்கள் கதவைப் பாதி திறக்கின்றன. அமெரிக்கப் பொது ஒலிபரப்புக் காப்பகத்தின் இணைய வாசிப்பறையிலுள்ளவை அமெரிக்காவுக்குள்ளிருந்து மட்டுமே ஒலிக்கும்; மற்றவற்றை நாடாளுமன்ற நூலகத்திலோ ஜிபிஎச்-சிலோ நேரில் போய்த்தான் கேட்க வேண்டும். மதுரையிலிருந்து தேடினால் விவரக்குறிப்பு தெரியும், குரல் வராது. சிகாகோவின் ஸ்டட்ஸ் டெர்கெல் நிலைமை நல்லது. டபிள்யூஎஃப்எம்டி நிலையத்தில் 1952 முதல் 1997 வரை 45 ஆண்டுகள் மார்ட்டின் லூதர் கிங், எழுத்தாளர் ஜேம்ஸ் பால்ட்வின் முதல் தெருவில் போகிறவர் வரை பேட்டி கண்டவர் அவர். அந்த 5,000-க்கும் மேற்பட்ட நிகழ்ச்சிகளில் பல 2018 முதல் அவர் பெயரிலுள்ள தனிக் காப்பகத் தளத்தில் கேட்கக் கிடைக்கின்றன. ஒரே நிலையம், ஒரே ஆள், கேட்டுப் பெற வேண்டிய அனுமதியும் பெரும்பாலும் ஒரே இடத்தில் என்பது அதற்குப் பெரிய வசதி.

சுருக்கமாக: நாடாவை வைத்திருப்பது சாவியை வைத்திருப்பது. வீட்டுப் பத்திரம் வேறு யாரிடமோ இருக்கிறது.

தேடும்போது

தலைப்பைத் தேடாதீர்கள், பெயரையும் வருடத்தையும் தேடுங்கள். பெயருக்கு நான்கைந்து எழுத்துக்கூட்டல் போட்டுப் பாருங்கள். வேற்று நாட்டு விருந்தினர் பெயரைத் தட்டச்சாளர் காதால் கேட்டு எழுதியிருப்பார். இந்தியர் பெயர் என்றால் முன்னெழுத்தைக் குடும்பப் பெயராக்கியிருப்பார்கள் என்பதையும் எதிர்பாருங்கள். நிலையத்தின் அழைப்பெழுத்துகள் (டபிள்யூஎன்ஒய்சி, கேபிஎஃப்ஏ போன்றவை) தெரிந்தால் வட்டாரம் ஓரளவு தெரிந்துவிடும்: மிசிசிப்பி ஆற்றுக்குக் கிழக்கே பெரும்பாலும் 'டபிள்யூ', மேற்கே 'கே'.

ஒலி கிடைக்கவில்லை என்றாலும் விவரக்குறிப்பை மூடிவிடாதீர்கள். அதில் பதிவு எண், மூல நாடா எங்கே இருக்கிறது, எந்த நிலையம் கொடுத்தது என்று இருக்கும். ஆய்வுக்காகக் கேட்க வேண்டும் என்று அந்த எண்ணைக் குறிப்பிட்டுக் காப்பகருக்கு எழுதினால் சில நிறுவனங்கள் தனிப்பட்ட முறையில் கேட்க வழி செய்கின்றன. எண் இல்லாமல் 'அறுபதுகளில் ஒரு பேட்டி' என்று எழுதினால் பதில் வரத் தாமதமாகும், ஏனென்றால் அங்கேயும் ஒருவர் எழுந்துபோய் டப்பாவைத் திறந்து பார்க்க வேண்டும்.

கோப்பு கிடைத்துவிட்டால் முதல் அரை நிமிடத்தைத் தள்ளிவிடாமல் கேளுங்கள். 'இது இன்ன நிகழ்ச்சி, இன்ன தேதிக்கு, இரண்டு சுருளில் முதலாவது' என்று தொழில்நுட்பர் ஒருவர் சலிப்போடு சொல்லியிருப்பார். பல நாடாக்களில் நம்பக்கூடிய ஒரே பெயர்ச்சீட்டு அந்தக் குரல்தான். 'முதலாவது' என்று அவர் சொல்லியிருந்தால் இரண்டாவது சுருளைத் தேடத் தொடங்குங்கள். பேட்டியின் பாதி அதில் இருக்கிறது.